சுரமும் சித்தமும்: தொற்றுநோய்கள் மூளையைத் தாக்கும் திறம்

உடலைத் தாக்கும் நோய் வேறு, உள்ளத்தைத் தாக்கும் நோய் வேறு என்று பிரித்துப் பேசுவது இன்று பெருவழக்காக உள்ளது. தமிழ் மக்களின் பழைய வழக்கோ அவ்விரண்டையும் அத்துணைத் தொலைவில் வைத்ததில்லை. கடுஞ்சுரத்தில் கிடப்பவர் ஆளறியாமல் விழித்து, தொடர்பற்ற சொற்களைப் பேசி, எழுந்து ஓட முற்பட்டால், 'சன்னி கண்டுவிட்டது' என்று வீட்டு முதியோர் கூறினர். சித்த மருத்துவமும் சன்னியைச் சுரத்தின் இனத்தோடு சேர்த்தே எண்ணியது. அரபு மருத்துவ உலகிலும் இத்தகைய சொல்லொன்று உண்டு. 1037ஆம் ஆண்டில் மறைந்த இப்னு சீனா தம் 'அல்கானூன்' எனும் பெருநூலில் 'சர்சாம்' என்ற நோயை விரித்துரைக்கிறார். பாரசீகத்தில் 'சர்' என்பது தலை. 'சாம்' என்பது வீக்கம். தலைக்குள் ஏற்படும் வீக்கத்தால் அறிவு கலங்குகிறது என்பது அச்சொல்லின் உட்பொருள். சொற்கள் வேறாயினும் கண்ட காட்சி ஒன்றே எனலாம்.

இந்த ஒற்றுமையை இங்கு எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. நம் கடலாடி வட்டாரத்திலும் அதனை அடுத்த கடற்கரையிலும் சித்தம் கலங்கியோரை நாம் அன்றாடம் காண்கிறோம். அவர்களுள் ஒரு சிலருக்கேனும் அக்கலக்கம் நுண்ணுயிர்களால் விளைந்ததாக இருக்கலாம். அவ்வாறாயின் அது மருந்தால் தீரக்கூடியது, காலந்தாழ்த்தினால் தீராதது. தொற்றுநோய்கள் மூளையையும் அறிவாற்றலையும் எவ்வாறு பாதிக்கின்றன என்பதை இந்நோக்கில் ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

ஏர்வாடி தரும் கேள்வி

கடலாடிக்குக் கிழக்கே கடலோரத்தில் அமைந்துள்ள ஏர்வாடியில் சுல்தான் சையிது இப்ராகீம் ஷஹீது அவர்களின் தர்கா உள்ளது. மனநோயுற்றோரை அழைத்துக்கொண்டு சமய வேறுபாடின்றிப் பல மாநில மக்களும் அங்கு வந்து தங்குகின்றனர். அவ்வாறு வந்தோரை வைத்துப் பராமரிக்கத் தனியார் விடுதிகள் பல தோன்றின. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்பொழுதில் அத்தகைய விடுதி ஒன்றில் தீப்பற்றி 28 பேர் உயிரிழந்தனர். அங்கிருந்தோருள் பெரும்பாலோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் தப்பியோட இயலவில்லை. உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து இதனை வழக்காக எடுத்துக்கொண்டது. விடுதிகள் மூடப்பட்டு, ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் எடுத்துக்கொள்ளப்பட்டனர். மனநோயாளரைச் சங்கிலியால் பிணைத்தலை 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் முற்றாகத் தடை செய்கிறது.

அத்தீயில் மாண்டோர் எந்நோயால் வருந்தினர் என ஆராய்வது நம் நோக்கமன்று. மனச்சிதைவு, கடும் மனச்சோர்வு முதலான மனநோய்கள் பெரும்பாலும் தொற்றினால் வருவனவல்ல என்பதையும் முதலிலேயே தெளிவாகக் கூறிவிடுதல் வேண்டும். அவை ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒட்டுவனவும் அல்ல. எனினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. 'சித்தம் கலங்கியவர்' என்ற ஒரே பெயரை ஒருவர்மேல் எழுதிவிட்டால், அவருடைய நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் உண்டா என்று பார்ப்பவர் யார்? கழுத்து விறைத்திருக்கிறதா, பார்வை இரட்டிக்கிறதா, எடை குறைந்துவருகிறதா என்று உசாவுபவர் யார்? சங்கிலியின் முதற்கொடுமை அது மனிதரை வருத்துவது. அதற்கடுத்த கொடுமை, நோயைத் தேடும் எண்ணத்தையே அது நிறுத்திவிடுவது.

நோய்க்கு மருந்து தேடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்திருப்பதை நம் பெரியோர் நன்கறிவர். 'துஆ'வோடு 'தவா'வும், அதாவது வேண்டுதலோடு மருந்தும், என்ற திட்டத்தின்கீழ் ஏர்வாடியிலேயே மனநல மருத்துவம் வழங்கப்பட்டது அம்மரபுக்கு ஒத்ததேயாகும்.

ஒரு பழைய சான்று

சித்தக் கலக்கத்தின் பின்னே கிருமி மறைந்திருக்கக்கூடும் என்பதை உலகம் ஐயமற அறிந்துகொண்டது மேகநோய் எனப்படும் சிபிலிஸ் வழியாகத்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய மனநோய் விடுதிகளில் ஒருவகை நோயாளர் மிகுதியாக இருந்தனர். நடுவயதில் தம்மைப் பேரரசர் என்றும் பெருஞ்செல்வர் என்றும் கூறிக்கொள்வர். பின்னர் நினைவாற்றல் குன்றும். இறுதியில் உடல் செயலிழந்து மாண்டுபோவர். ஒழுக்கக்கேடு, பரம்பரை, மனவேதனை எனப் பல காரணங்கள் கூறப்பட்டன. 1913இல் சப்பானிய அறிஞர் நொகுச்சியும் அவருடைய துணைவர் மூரும் அத்தகையோரின் மூளையிலேயே சிபிலிஸ் கிருமியைக் கண்டு காட்டினர். 1917இல் வியன்னாவின் வாக்னர் யாவ்ரெக் என்பார் மலேரியாக் காய்ச்சலை வேண்டுமென்றே ஏற்படுத்தி இந்நோயைத் தணிக்க முயன்றார். ஒரு நோயை மற்றொரு நோயால் விரட்டிய அம்முயற்சிக்கு 1927இல் நோபல் பரிசும் கிடைத்தது! பின்னர் வந்த பெனிசிலின் அதற்கெல்லாம் தேவையில்லாமற் செய்துவிட்டது. விடுதிகளின் ஒரு பெரும் பிரிவே மெல்ல மெல்ல வெறுமையாயிற்று.

மூளையின் காவல்

மூளையை மண்டையோடு மட்டும் காக்கவில்லை. மூன்று உறைகள் அதனைப் போர்த்தியுள்ளன. உறைகளுக்கிடையே தெளிந்த நீர் ஓடுகிறது. மூளைத் தண்டுவட நீர் எனப்படும் அது வளர்ந்தவருக்கு ஏறத்தாழ 150 மில்லிலிட்டர் அளவே. மூளைக்குச் செல்லும் நுண்குழாய்களின் சுவர்ச் செல்கள் நெருக்கமாகப் பிணைந்து, குருதியில் வரும் பொருள்களுள் வேண்டுவனவற்றை மட்டும் உள்ளே விடுகின்றன. இத்துணைக் காவலையும் மீறிச் சில கிருமிகள் நுழைகின்றன. சில குருதிவழி வருகின்றன. வெறிநோய் வைரசு நரம்பின் வழியே மெல்ல ஊர்ந்து வருகிறது.

நுழைந்தபின் விளையும் கேடும் ஒரே வகையினதன்று. சில கிருமிகள் நரம்புச் செல்களையே அழிக்கின்றன. சில, குருதிக் குழாய்களை அடைத்து மூளைக்கு உயிர்வளி சேராமற் செய்கின்றன. வேறு சிலவற்றில் கிருமியைவிட, அதனை எதிர்த்து எழும் உடலின் போர்க்குணமே வீக்கத்தை உண்டாக்கி மிகுந்த கேடு விளைக்கிறது. மண்டையோடு விரிந்து கொடுக்காது; எனவே உள்ளே வீங்கும் மூளை தன்னைத்தானே நசுக்கிக்கொள்கிறது. கிருமிக்கொல்லி மருந்தோடு வீக்கம் தணிக்கும் மருந்தையும் மருத்துவர் சில நோய்களில் சேர்த்துத் தருவது இதனாலேயே.

காசநோயும் மூளையுறையும்

இந்நோய்களுள் நம் நாட்டார் மிகவும் கருத்திற்கொள்ள வேண்டியது காசநோயால் வரும் மூளையுறை அழற்சி என்பது என் கருத்து. காசம் என்றால் இருமல், நெஞ்சு என்றே எண்ணிப் பழகிவிட்டோம். அக்கிருமி மூளையின் உறையைப் பற்றும்போது இருமலே இல்லாமலும் இருக்கலாம். அது ஒரே நாளில் வீழ்த்துவதுமில்லை. இரண்டு மூன்று வாரங்கள் இலேசான காய்ச்சல், தலைவலி, பசியின்மை, நன்றாக விளையாடிய குழந்தை மூலையில் ஒடுங்கும், எரிந்து விழும், பாடத்தில் நாட்டம் இழக்கும். பெரியவரானால் பேச்சும் நடத்தையும் மாறும். இந்நிலையில்தான் 'பயந்த கோளாறு' என்றும் 'காற்றுச் சேட்டை' என்றும் கருதி நாள்களைக் கடத்திவிடுகின்றனர். அடுத்த நிலையில் வாந்தி, கழுத்து விறைப்பு, அரைமயக்கம், கண் ஒருபுறம் இழுத்தல். மூன்றாம் நிலையில் முழு மயக்கம்.

இம்மூன்று நிலைகளின் வேறுபாடு வெறும் ஏட்டு வேறுபாடன்று. காசநோய் மருத்துவத்தில் உலகப் புகழ்பெற்ற ஆய்வு நிறுவனம் ஒன்று 1956 முதல் சென்னையில் இயங்கி வருகிறது. சேத்துப்பட்டில் உள்ள அந்நிறுவனம் எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனையோடு இணைந்து, இந்நோயுற்ற 180 குழந்தைகளுக்குச் சிகிச்சையளித்த முடிவுகள் 1986இல் வெளிவந்தன. நல்ல மருந்துகள் தரப்பட்டும் கால் பங்கிற்குச் சற்று மேற்பட்டோர் இறந்தனர். மூன்றில் ஒரு பங்கினரே முழுமையாகத் தேறினர். எஞ்சியோர் உயிர் பிழைத்தும் அறிவு மந்தம், கைகால் தளர்ச்சி, பார்வைக் குறை முதலிய ஊனங்களோடு வாழ நேர்ந்தது. எந்த நிலையில் மருத்துவமனைக்கு வந்தனர் என்பதே பிழைப்பதையும் பிழையாததையும் பெரிதும் முடிவு செய்தது. மருந்து ஒன்றே, கொண்டுவந்த நாள்தான் வேறு.

இந்நோயை உறுதிசெய்ய முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்து ஆராய்வர். 'முதுகில் ஊசி போட்டால் கால் விழுந்துவிடும்' என்ற அச்சத்தால் கையொப்பமிட மறுத்துக் குழந்தையை வீட்டுக்குக் கொண்டுசெல்லும் பெற்றோர் இன்றும் உளர். தண்டுவடம் இடுப்பின் மேற்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி செல்லும் இடம் அதற்கும் கீழே, நீரும் நரம்பிழைகளும் மட்டுமே உள்ள பகுதி. எனவே அவ்வச்சத்துக்கு இடமில்லை. பள்ளிவாசலில் பேசும் பெரியோர் ஒருவர் இவ்வொரு செய்தியைச் சொன்னால், மருத்துவர் பத்துமுறை சொல்வதைவிட மக்கள் மனத்தில் அது நன்றாகப் பதியும்.

மருந்து ஏறத்தாழ ஓராண்டுக் காலம் தொடரவேண்டும். அரசு மருத்துவமனைகளில் அது விலையின்றிக் கிடைக்கிறது. பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. ஊசி பெரியவர்களின் நுரையீரல் காசத்தை அவ்வளவாகத் தடுப்பதில்லை. ஆனால் குழந்தைகளின் மூளையுறைக் காசத்திலிருந்து பேரளவு காப்பளிக்கிறது. முன்னர் இத்தகைய நோயாளரை மதுரைக்குக் கொண்டுசெல்வதே வழக்கமாக இருந்தது. 2022 சனவரியில் இராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டபின் தொலைவைக் காரணங்காட்டும் நிலை பெரிதும் குறைந்துள்ளது.

காசம் வாரக்கணக்கில் கொல்வது. சீழ் உண்டாக்கும் பாக்டீரியாக்களால் வரும் மூளையுறை அழற்சியோ மணிக்கணக்கில் கொல்வது. பிழைத்த குழந்தைகள் சிலருக்குச் செவிப்புலன் போய்விடுகிறது. அப்பாக்டீரியாக்களுள் ஒன்றைத் தடுக்கும் ஐந்து கூட்டுத் தடுப்பூசி இந்தியாவிலேயே முதன்முதலாகத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் 2011 திசம்பரில் அறிமுகமாயிற்று.

தீவும் கொசுவும்

கடற்கரைக்கே உரிய நோயாக நெடுங்காலம் விளங்கியது மலேரியா. இராமேசுவரம் தீவில் அது ஏன் ஓயவில்லை என்பதைப் புதுச்சேரியிலுள்ள நோய்க்கடத்திகள் ஆய்வு மையத்தின் அறிஞர்கள் 1980களில் ஆராய்ந்தனர். மணற்பாங்கான அத்தீவில் சவுக்குக் கன்றுகளுக்கு நீர் வார்க்கத் தோண்டிய குழிகளில் மலேரியாக் கொசு முட்டையிட்டுப் பெருகுவதை அவர்கள் கண்டனர். மணல் தரையில் நீர் நில்லாது, கொசு வராது என்று நினைப்போருக்கு இது வியப்பளிக்கும். கிணறுகளும் மூடாத தொட்டிகளும் மற்றொரு வகை மலேரியாக் கொசுவுக்கு இடமளித்தன.

மலேரியா ஒட்டுண்ணிகளுள் பால்சிபேரம் என்பதே மூளையைத் தாக்குவது. இவ்வொட்டுண்ணி புகுந்த சிவப்பணுக்கள் பிசின் தடவியவை போன்று மூளையின் நுண்குழாய்ச் சுவர்களில் ஒட்டிக்கொள்கின்றன. குருதியோட்டம் தடைப்படுகிறது, வலிப்பும் மயக்கமும் வருகின்றன. ஆப்பிரிக்காவின் உகாண்டாவில், மூளை மலேரியாவிலிருந்து பிழைத்த குழந்தைகளை ஈராண்டு கழித்து ஆராய்ந்தபோது, ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குக் கவனத்திலோ நினைவிலோ குறை நிலைத்துவிட்டது தெரியவந்தது. காய்ச்சல் தணிந்துவிட்டது, பிள்ளை பிழைத்துவிட்டான் என்று மகிழ்ந்த பெற்றோர், பள்ளியில் அவன் பின்தங்கும்போது அதற்கும் இதற்கும் தொடர்பு காண்பதில்லை.

தமிழ்நாட்டில் மலேரியா இன்று பெரிதும் குறைந்துவிட்டது. பாக்கு நீரிணைக்கு அப்பால் இலங்கை 2016இல் மலேரியா அற்ற நாடென உலக நலவாழ்வு நிறுவனத்தின் சான்றினைப் பெற்றது. நாம் காணும் கடலுக்கு அக்கரையில் முடிந்த செயல் இக்கரையிலும் முடியக்கூடியதே.

வயலிலும் புதரிலும் பிறக்கும் மூளைக்காய்ச்சல் சற்று வேறானது. 'சப்பானிய மூளைக்காய்ச்சல்' என்ற பெயரைக் கேட்டு அது அயல்நாட்டு நோயென எண்ணவேண்டா. இந்தியாவில் மனிதரிடம் அது முதன்முதலாக அறியப்பட்டது 1955இல், நம் வடஆர்க்காட்டுப் பகுதியில். நெல்வயல் நீரில் பெருகும் கொசு, பன்றியிடமிருந்தும் கொக்கினங்களிடமிருந்தும் அவ்வைரசை மனிதருக்குக் கொணர்கிறது. அதற்கு நேர் மருந்தில்லை, தடுப்பூசி உண்டு. ஆனால் மூளைக்காய்ச்சல் எல்லாம் அதுவேயென்று கருதுவதும் தவறு. உத்தரப்பிரதேசத்தின் கோரக்பூரில் ஆண்டுதோறும் குழந்தைகளைப் பலிகொண்ட மூளைக்காய்ச்சலில் பெரும்பங்கு, சிற்றுண்ணியால் பரவும் ஸ்க்ரப் டைபஸ் என்பது 2010களின் ஆய்வுகளில் வெளிப்பட்டது. இதற்கு டாக்சிசைக்ளின் என்ற மலிவான மாத்திரையே போதிய மருந்து! சிற்றுண்ணி கடித்த இடத்தில், அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ, கருகிய சூட்டுப்புண் போன்ற வலியற்ற சிறு தழும்பு தோன்றும். சீமைக் கருவேலப் புதர்களுக்குள் ஆடு மேய்ப்போரும் விறகு வெட்டுவோரும் காய்ச்சல் கண்டால் இதனைத் தேடிப் பார்த்தல் நன்று.

வெறிநாய்க்கடியைப் பற்றி மிகுதியாக எழுத வேண்டியதில்லை. நீரைக் கண்டு நடுங்குதல், வெறித்து நோக்குதல் ஆகிய குறிகள் தோன்றியபின் காப்பாற்றும் மருந்து எதுவுமில்லை. கடித்தவுடன் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே ஊசி போட்டுக்கொண்டால் நோயே வராது. 1907 முதல் குன்னூர்ப் பாஸ்டர் நிலையம் வெறிநாய்க்கடி மருத்துவத்துக்குத் தொண்டாற்றி வரும் நாட்டில் மந்திரித்த கயிற்றை மட்டும் நம்பி ஒரு குழந்தை இறப்பது பெருந்துயரம்.

பன்றி உண்ணாதார்க்கும் வரும் பன்றிப்புழு

இனிக் கூறப்போவது நம்மவரிடையே ஒரு தவறான நம்பிக்கையை நீக்கும். வலிப்பு நோய்க்கு மூளையில் தங்கும் நாடாப்புழுக் கட்டி ஒரு காரணம் என்றால், 'அது பன்றி இறைச்சி உண்போர்க்கு வருவது. நமக்கில்லை' என்று உடனே விடை வரும். நன்றாக வேகாத பன்றி இறைச்சியால் வயிற்றில் நாடாப்புழு வளர்வது உண்மையே. ஆனால் மூளைக்குச் செல்வது அவ்விறைச்சியன்று. வயிற்றில் புழு உடையவரின் மலத்தில் வெளியேறும் முட்டைகள், கழுவாத கை வழியாகவும் நீர் வழியாகவும் பச்சைக் காய்கறி வழியாகவும் மற்றவர் உணவில் சேர்கின்றன. அவற்றை விழுங்கியவரின் குருதியிற் கலந்து இளம்புழுக்கள் மூளையை அடைகின்றன. 1992இல் நியூயார்க்கு நகரில், பன்றி இறைச்சியைத் தீண்டவே தீண்டாத வைதிக யூதக் குடும்பங்களில் இந்நோய் கண்டறியப்பட்டது. வீட்டில் சமையல் வேலை செய்தவர்கள் வழியாக அது வந்திருக்கலாம் என ஆய்வாளர் முடிவுசெய்தனர். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி அறிஞர்கள் அம்மாவட்ட மக்களிடையே நடத்திய ஆய்வில், வலிப்புற்றோருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு இதுவே காரணமாக இருந்தது. மரக்கறி மட்டும் உண்போரும் இதற்கு விலக்கல்லர். வலிப்புக்கு இரும்புச்சாவியைக் கையில் திணிப்பதைவிட, தலையைப் படம் எடுத்துப் பார்ப்பதே அறிவுடைமை. இந்நோய் மருந்தால் தணியக்கூடியது.

முதியோரும் பிள்ளைகளும்

முதியோர் நிலை தனியே சுட்டத்தக்கது. எழுபது வயதைக் கடந்தவர் நேற்றுவரை தெளிவாக இருந்து, இன்று மகனை யாரென்று கேட்டால், அதனை 'வயதாகிவிட்டது' என்று தள்ளிவிடுதல் கூடாது. மறதி நோய் ஆண்டுக்கணக்கில் மெல்ல வருவது. ஓரிரு நாளில் வரும் குழப்பம் சிறுநீர்த் தொற்றாலோ நுரையீரல் அழற்சியாலோ இருக்கலாம். முதியோருக்கு அப்போது காய்ச்சல்கூடத் தோன்றாமலிருப்பதுண்டு. நெடுநாள் மறதிக்கும் தொற்றுக்கும் உள்ள உறவும் இப்போது ஆராயப்படுகிறது. அக்கி நோய்க்குரிய தடுப்பூசி பெற்ற முதியோரிடையே ஏழாண்டுக் காலத்தில் மறதி நோய் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்ததை, பிரிட்டனின் வேல்சு நாட்டுப் பதிவுகளிலிருந்து 2025இல் ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். கோவிட் தொற்றுக்குப்பின் பலர் மாதக்கணக்கில் கவனச் சிதறலும் மனமந்தமும் உற்றதை நாமே கண்டோம்.

பிள்ளைகளைப் பொறுத்தவரை, ஆசிரியர்க்கே மிகுந்த பொறுப்புண்டு. நன்கு படித்த மாணவன் நீண்ட காய்ச்சலுக்குப்பின் திரும்பி வந்து, கரும்பலகையை வெறித்து நோக்குகிறான். கேட்ட வினாவை மீண்டும் கேட்கிறான். அவனைச் 'சோம்பேறி' என்று கண்டிப்பதற்கு முன், அவனுக்கு எந்நோய் வந்தது, எத்தனை நாள் மயங்கிக் கிடந்தான் என்று பெற்றோரிடம் கேட்டறிதல் வேண்டும். செவித்திறனை ஆராயச் செய்தல் வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்ட 21 வகைக் குறைபாடுகளுள் அறிவுவளர்ச்சிக் குறைவு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, நாட்பட்ட நரம்பியல் நோய் ஆகியனவும் அடங்கும். உரிய மருத்துவச் சான்று பெற்ற மாணவர் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுவோர் உதவியும் கோரலாம். நம் வட்டாரத்துப் பள்ளிகளில் இச்சான்றுக்கு விண்ணப்பிக்கலாம் என்பதையே அறியாத பெற்றோர் உளர். விண்ணப்பத்தை எழுதிக்கொடுக்கக் கல்லூரி மாணவர் இருவர் போதும்.